காசு வீடியோவுக்கா, வாத்தியாருக்கா? ஆன்லைன் படிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் பி.காம். முடித்திருக்கிறாள். டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்பு, ஏழு மாதம், 1,18,000 ரூபாய் என்று ஒரு கம்பெனியிலிருந்து தினம் நாலு தடவை போன் வருகிறது. "இன்னிக்கு ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா 30,000 தள்ளுபடி" என்கிறார்கள். டெமோ வகுப்பு நன்றாகத்தான் இருந்தது. சேர்க்கலாமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்)

இன்று ராத்திரி கட்டாதீர்கள். இந்த மாதிரித் தள்ளுபடி பெரும்பாலும் நாளைக்கும் இருக்கும், அடுத்த வாரமும் இருக்கும். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ‘டார்க் பேட்டர்ன்’ (ஏமாற்று உத்தி) வழிகாட்டு நெறிகள் 13 தந்திரங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன.

டெமோ வகுப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இருப்பதிலேயே நன்றாகப் பேசுகிறவரைத்தான் டெமோவுக்கு உட்கார வைப்பார்கள். உங்கள் மகளின் பேட்சுக்குப் பாடம் எடுக்கப் போவது யார், அவரே கடைசி வரை எடுப்பாரா என்று கேளுங்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு பேட்சில் ஒரு நாள் உட்கார வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

இந்தத் தொகையில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீடியோ பாடத்துக்கு இன்று விலை கிடையாது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் தளத்தில் பைத்தான், புள்ளியியல், மெஷின் லேர்னிங் எல்லாம் இலவசமாகக் கிடக்கிறது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்குவது, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள், எழுதிய புரோகிராமைப் படித்துத் தப்பைக் காட்ட ஒரு ஆள். அந்த ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

வழி இருக்கிறது. பேட்சில் எத்தனை பேர்? 90 நிமிட வகுப்பில் கேள்விக்கு 30 நிமிடம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பேர் என்றால் தலைக்கு ஒரு நிமிடம், 300 பேர் என்றால் ஆறு விநாடி. 300 பேர் வகுப்புக்குப் பேர் ‘லைவ்’ என்றாலும் அது டிவி பார்ப்பது மாதிரிதான். சில இடங்களில் பதிவு செய்த பாடத்தையே நேரலை போல ஓட்டுவார்கள். சாட்டில் எழுத முடியாமல் பூட்டியிருக்கும், வாத்தியார் ஒரு மாணவர் பேரைக்கூடச் சொல்ல மாட்டார். இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, சந்தேகம் கேட்கும் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைசியாக வந்த பத்துக் கேள்விகளை எடுத்து, கேட்ட தேதி, பதில் வந்த தேதி இரண்டையும் ஒரு தாளில் குறியுங்கள். ஒரே நாளில் வந்திருந்தால் நல்லது. நாலைந்து நாள் இடைவெளி இருந்தாலோ, பதில் என்ற பேரில் "ரெக்கார்டிங்கைப் பாருங்கள்" என்று மட்டும் இருந்தாலோ, அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். அசைன்மென்டைத் திருத்துவது ஆளா, கணினியா என்றும் கேளுங்கள். கணினி மதிப்பெண் போடும். எங்கே யோசனை பிசகியது என்று பெரும்பாலும் சொல்லாது.

பணம் திரும்பக் கிடைக்கும் விதியில் ஒரு கண்ணி உண்டு. ‘14 நாளுக்குள் ரீஃபண்ட்’ என்றால் அந்த 14 நாள் எந்த நாளிலிருந்து? பணம் கட்டிய நாளிலிருந்து என்றால், பேட்ச் தொடங்கவே 15 நாள் ஆகும்படி வைத்துவிடுவார்கள். முதல் வகுப்பிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். இத்தனை வீடியோ பார்த்துவிட்டால் ரீஃபண்ட் இல்லை என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், அதையும் தேடுங்கள். போனில் சொன்ன எதுவும் கணக்கில் வராது. "நீங்கள் சொன்னவை இவை, சரியா?" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு பணம்.

வேலை உத்தரவாதமா? 2024 நவம்பரில் வந்த பயிற்சித் துறை விளம்பர நெறிமுறைப்படி, வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது. 50 மாணவர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஒப்பந்தத்தில் ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்றுதான் போட்டிருப்பார்கள். நாலு கம்பெனி முகவரி கொடுத்தாலும் அதற்குப் பேர் அசிஸ்டன்ஸ்தான்.

கேள்வி: ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று சொன்னதால் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வாரத்தில் பிடிக்காமல் விலகிவிட்டேன். மாதம் 7,500 வங்கியில் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டால், "அது லோன் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார்கள். (மன்னார்குடி வாசகர்)

நீங்கள் கையெழுத்துப் போட்டது இரண்டு ஒப்பந்தம். ஒன்று படிப்பு நடத்தும் நிறுவனத்தோடு, இன்னொன்று உங்களுக்குப் பேர்கூட நினைவில்லாத ஒரு நிதி நிறுவனத்தோடு. ஓடிபி சொன்ன நிமிடத்தில் அந்தக் கடன் உங்கள் தலையில் ஏறி, பணம் நேராகப் படிப்பு நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. 90,000 ரூபாய் படிப்பு என்றால் 12 தவணை 7,500. நிதி நிறுவனம் தன் வட்டியைக் கழித்துக்கொண்டு, உதாரணத்துக்கு 80,000-ஐ அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும். வட்டி உங்கள் கண்ணில் படாமல் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முழுப் பணமும் முதல் நாளே கைக்கு வந்துவிட்டால், நீங்கள் ஆறாவது மாதம் வகுப்பில் இருக்கிறீர்களா என்று கவலைப்பட அவர்களுக்கு என்ன இருக்கிறது? இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறே இதுதான்.

ஆத்திரத்தில் ஆட்டோ டெபிட்டை உடனே நிறுத்திவிடாதீர்கள். தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கடன்காரர் ஒரு அபராதம், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு டிராக்டர் கடனுக்கோ, நகைக்கடன் தவிர்த்த வேறு எந்தக் கடனுக்கோ போனாலும் இது முன்னால் வந்து நிற்கும்.

முதலில் கடனுக்கான ‘முக்கிய விவர அறிக்கை’யைத் தேடுங்கள். கேஎஃப்எஸ் என்பார்கள், மின்னஞ்சலில் வந்திருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் இது கட்டாயம். கடன் கொடுத்தவர் பேர், உண்மையான ஆண்டு வட்டி, குறைதீர் அலுவலர் முகவரி எல்லாம் அதில் இருக்கும். டிஜிட்டல் கடனில் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அது ஓரிரு நாள்தான் இருக்கும், உங்களுக்குத் தாண்டியிருக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு படிப்பு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கலந்துகொண்ட வகுப்புகளின் எண்ணிக்கை, என்ன சொல்லி விற்றார்கள், எவ்வளவு திரும்ப வேண்டும். இணைய வணிக விதிகள் 2020-இன்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதே கடிதத்தைக் கடன் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். அங்கே 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். அந்த எண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை என்றாலும், புகார் எண் விழுந்ததும் பேச்சு மாறுவது உண்டு.

எதுவும் நடக்காவிட்டால் திருவாரூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். படிப்பு நிறுவனத்தை மட்டும் எதிர்க்கட்சியாகப் போட்டுவிட்டுக் கடன் நிறுவனத்தை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. இரண்டு பேரையும் சேருங்கள், வழக்கு முடியும் வரை தவணை பிடிக்காமலிருக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

கேள்வி: வயது 43, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பதவி உயர்வுக்கு ஒரு டிகிரி வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ‘ஸ்டடி சென்டர்’ வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைன் டிகிரி வாங்கித் தருவதாகச் சொல்கிறது. (மயிலாடுதுறை வாசகி)

‘வாங்கித் தருவதாக’ என்ற சொல்லே சரியில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிகளின்படி இந்தப் படிப்புகளை ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்தக் கூடாது. பணம் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டுமே போக வேண்டும், இடையில் யாருடைய ஜிபேக்கும் போகக் கூடாது.

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட படிப்பை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த அனுமதி இருப்பது வேறு. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (சுருக்கமாக ‘டெப்’) தளத்தில், நீங்கள் சேரப்போகும் கல்வியாண்டு, பருவம், படிப்பு மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போன வருடப் பட்டியலின் பிரிண்ட் அவுட்டைக் காட்டினால் ஏற்காதீர்கள். முறையாக அனுமதி உள்ள தொலைநிலை, ஆன்லைன் டிகிரி கல்லூரிக்குப் போய்ப் படித்ததற்குச் சமம் என்று 2022-இல் யுஜிசி தெளிவாகவே சொல்லிவிட்டது.

சேர இப்போது ‘டெப் ஐடி’ வேண்டும். டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (மாணவரின் படிப்புக் கணக்கை வைக்கும் எண்) எடுத்து, அதை வைத்து இதை உருவாக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க்‌ஷீட்டில் பின்னால், பான் கார்டில் அப்பா பேர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். சேர்க்கையின் கடைசி வாரத்தில் ஆதாரைத் திருத்த அலையாமல், முன்கூட்டியே மார்க்‌ஷீட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஏஜென்டையே ஐடி உருவாக்கச் சொல்லி அவர் செல் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறீர்களா? முக்கியமான கேள்வி. பத்து, பன்னிரண்டு படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரி தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்பது 2009-ஆம் ஆண்டு அரசாணையிலிருந்து இருக்கும் நிலை. உங்கள் சங்கத்தின் பணி விதி என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எல்லாப் பாடத்தையும் இப்படிப் படிக்கவும் முடியாது. பொறியியல், சட்டம், செவிலியர், மருந்தியல், நம் பக்கம் பலரும் கேட்கும் வேளாண்மை, தோட்டக்கலை எதற்கும் அனுமதி இல்லை. 2025 ஜூலை பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு-ஊட்டச்சத்து அறிவியல் போன்றவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

பல்கலைக்கழகத்தோடு தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் நிறுவனங்கள் வரும் என்று 2020-இல் தேசிய ஆணையம் சொல்லியிருக்கிறது. யுஜிசியின் இ-சமாதான் தளத்தில்தான் முறையிட வேண்டும்.

கேள்வி: ‘ஐஎஸ்ஓ சான்று பெற்றது, மத்திய அரசில் பதிவு பெற்றது’ என்று டிப்ளமோ நோட்டீஸில் போட்டிருக்கிறது. நம்பலாமா? (பாபநாசம்)

ஐஎஸ்ஓ என்பது அலுவலக நிர்வாக முறைக்கான சான்று. மத்திய அரசின் எம்எஸ்எம்இ (சிறு, குறுந்தொழில்) பதிவை டீக்கடைக்கும் வாங்கலாம். இரண்டுக்கும் படிப்பின் அங்கீகாரத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: வயல் வேலைக்கு நடுவே மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் ஒரு 12 வாரப் படிப்புப் படித்து சான்றிதழ் வாங்க முடியுமா? எவ்வளவு செலவு? (திருத்துறைப்பூண்டி)

படிக்க இலவசம். ஸ்வயத்தில் உள்ள என்பிடெல் பாடம் என்றால் தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். படிப்பில் சேருவதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி. சேர்ந்ததே போதும் என்று இருந்து தேர்வுப் பதிவைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். என்பிடெல் பாடங்களில் வாராவாரம் அசைன்மென்ட், அதற்கு 25 மதிப்பெண். நேரில் போய் எழுதும் கணினித் தேர்வுக்கு 75. 12 அசைன்மென்டில் நன்றாகச் செய்த 8 மட்டும் கணக்கில் எடுப்பார்கள். நடவு, அறுப்பு என்று நாலு வாரம் விட்டுப்போனாலும் தப்பிக்கலாம். சான்றிதழுக்கு 25-இல் 10, 75-இல் 30 வேண்டும்.

நமக்கு ஜனவரிப் பருவம்தான் வசதி. ஜூலையில் தொடங்கினால் தேர்வு ஐப்பசி மழையில் வந்து விழும், தேர்வு மையத்துக்குப் போகும் நாளில் புயல் எச்சரிக்கை இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஜனவரியில் தொடங்கினால் சம்பா அறுப்பில் முதல் சில வாரம் திண்டாட்டம், பிறகு ஏப்ரல் வரை கை ஓய்வு. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உரை கிடைக்கிறது, சேருமுன் பாருங்கள். வாத்தியாரோடு நேர்ப் பேச்சு மிகக் குறைவு, விவாதப் பக்கத்தில் எழுதித்தான் கேட்க வேண்டும். தானாகப் படிக்கிறவருக்கு ஏற்றது.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் வகுப்பு அறுந்துவிடுகிறது. போன் டேட்டாவில் படித்தால் எவ்வளவு ஆகும்? ஹெட்செட்டில் நான் பேசுவதும் கேட்கவில்லை என்கிறார்கள். (பட்டுக்கோட்டை)

உங்கள் ரூட்டருக்குக் கரண்ட் இருந்தாலும், தெருவில் கேபிள்காரரின் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் நெட் வராது. அவரிடம் பேட்டரி பேக்கப் எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள். அங்கே பேக்கப் இருந்து, ரூட்டர் மட்டும் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் அணைந்து எழுந்தால், ரூட்டருக்கென்று ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்குமுன் ரூட்டர் அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியரா, 2 ஆம்பியரா? வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது.

டேட்டா கணக்கு எளிது: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. வகுப்பு இரண்டு மணி நேரம் என்றால் 900 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் தாங்கும். வீட்டில் மற்றவர்கள் அதே எண்ணில் சீரியல் பார்க்காமல் இருக்க வேண்டும். உங்கள் கேமராவை அணைத்துவிட்டால் அனுப்பும் பக்கச் செலவு மிச்சம்.

ஹெட்செட் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் ஒரே பின்னில் ஒலியும் மைக்கும் சேர்ந்தது. அதைப் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை உள்ள பழைய டெஸ்க்டாப்பில் செருகினால் காது கேட்கும், மைக் வேலை செய்யாது. ‘ஒய்’ வடிவ ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கி இரண்டு துளையிலும் செருகுங்கள். வளையம் இரண்டுதான் என்றால் அந்தப் பின்னில் மைக்குக்கு இணைப்பே இல்லை. யுஎஸ்பி ஹெட்செட்டாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.