துண்டுக்கடியில்

அன்புள்ள ஐயா,
பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். தை மாதம் பங்காளி மகள் கல்யாணத்தில், “நகை இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சம்சாரத்துக்கு முகம் செத்துப்போச்சு. அன்றிலிருந்து பேச்சில்லை. அவர் ஏணி என் வீட்டில் கிடக்கிறது, அதைக் கேட்கக்கூட வரவில்லை. குறளில் அடக்கமுடைமை 13ஆம் அதிகாரம், வாய்மை 30. அப்போது அடக்கம்தான் பெரிதா? பிறவிக் குணம் மாறுமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதிகார எண்ணை வைத்துப் பெரிது சிறிது பார்ப்பது பஸ் நம்பரை வைத்து வேகம் பார்ப்பது மாதிரி. விடுங்கள். வாய்மை அதிகாரத்தின் முதல் குறளே ‘தீமை இலாத சொலல்’ என்கிறது, அதைத் தாண்டி ஓடிவிட்டீர்கள். பிறவிக் குணமா? காங்கயம் கன்று செவலையாக, அதாவது சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாகிறது. மாடே மாறுதுங்க.

போன வாரம் பெட்டியை ஒழிக்கும்போது அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின் ஈரிழைத் துண்டு கிடைத்தது. அதிலிருந்து அவர் நினைப்புதான்.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டி மாட்டுச்சந்தை கூடும். எனக்கு ஒன்பது வயது. ஒரு ஜோடி எருது பிடித்துப் போயிருந்தோம். தரகர் அப்புச்சியின் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசினார். வாயில் ஒரு எண் வரவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்பது அப்புச்சியின் தாடை இறுகியதில்தான் தெரிந்தது. துண்டைத் தூக்கிப் பார்க்கப்போய்த் தொடையில் கிள்ளு வாங்கினேன். எதற்கு மூடுகிறீர்கள் என்றேன்.

“கொறச்சுக் கேட்டவனும் நாளைக்கு நம்ம மூஞ்சில முழிக்கோணுமல்ல கண்ணு.”

விலை படிந்தது. கயிறு மாற்றும் நேரம், அப்புச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஏனுங்க, வலத்து மாடு தண்ணியக் கண்டா மெரளுமுங்க. வாய்க்கா தாண்டாது.” தரகர் தலையில் அடித்துக்கொண்டார். வாங்கியவர் ஐம்பது ரூபாய் குறைத்தார். வீடு வரும்வரை மாமன் திட்டிக்கொண்டே வந்தார்.

நீங்களும் பட்டென்று பேசுகிறவர்தான். கடிதத்தில் பங்காளியின் நகை இருக்கிறது, அவர் சம்சாரத்தின் முகம் இருக்கிறது. உங்கள் மாட்டைப் பற்றி ஒரு வரி இல்லையே? இழை ஓடிப் பழுதான துணியை மடிப்புக்குள் தள்ளி அனுப்பிய நாளே கிடையாதா? பாவு நூல் கொடுத்து நெய்யச் சொன்னவரிடம் அதைப் பட்டென்று சொன்னதுண்டா? ஊரான் வீட்டுத் துண்டை உருவுவதற்குப் பெயர் உண்மையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் வராமல்தான் எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்தே சொல்கிறது. இன்று சாயங்காலம் போங்கள். நகைப் பேச்சை எடுக்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மோர் கொடுத்தால் குடியுங்கள். ஏணியை மறந்துவிடாதீர்கள்.