எண்பதுக்கு மேலும் எழுந்து நடக்க

முதுமை பற்றி எனக்கு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு 82 வயது. நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. உடற்பயிற்சி தொடங்கலாமா என்று கேட்டால், "இந்த வயசுல எதுக்குப்பா விஷப்பரீட்சை, பேசாம ஓய்வெடுங்க" என்கிறான் மகன்.

உங்கள் மகனின் அக்கறை புரிகிறது. ஆனால் உங்கள் வயதில் ஓய்வுதான் பெரிய ஆபத்து. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து ஓர் ஆய்வு நடந்தது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது.

கரைந்த தசை திரும்புமா என்றால், திரும்பும். 1990-இல் முதியோர் மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாடரோன் வெளியிட்ட ஆய்வை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வார எடைப் பயிற்சியைத் தொடங்கினார்கள். முழுதும் முடித்த ஒன்பது பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். உங்களைப் போலவே கை ஊன்றாமல் எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர், பிறகு ஊன்றாமலே எழுந்தார். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே தொடங்கினால் விடாதீர்கள்.

முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், காலையும் மாலையும். முதல் சில நாள் கையை ஊன்றினாலும் தவறில்லை. பக்கத்தில் மகனையே நிற்கச் சொல்லுங்கள். அவர் பயமும் தெளியும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டில் புரதம் குறையக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வயது 56. ராபமைசின், மெட்ஃபார்மின் இரண்டும் ஆயுளைக் கூட்டும் என்கிறார்களே, சாப்பிடலாமா?

வேண்டாம். ராபமைசின், ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பைத் தணிக்கக் கொடுக்கிறோம். 600 நாள் ஆகி முதுமையை நெருங்கிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோதுகூட அவற்றின் ஆயுள் கூடியதாக 2009-இல் முடிவு வந்தது. அது அசாதாரணமான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. மனிதரில் அப்படி நிரூபணமாகவில்லை. வாய்ப்புண், ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது, தொற்று ஆகியவையோ மனிதரில் நாங்கள் நேரில் பார்க்கும் பக்கவிளைவுகள்.

மெட்ஃபார்மின் சர்க்கரை நோயாளிக்கு நல்ல மருந்து. நோய் இல்லாதவருக்கு என்ன பயன் என்பதுதான் கேள்வி. முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், எடைப் பயிற்சியால் வளர வேண்டிய தசையை அது மட்டுப்படுத்தியது. முதல் பதிலைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விலை என்று புரியும்.

அப்பா, அம்மா இருவரும் 65-க்குள் போய்விட்டார்கள். எனக்கும் அவ்வளவுதானா?

இல்லை. டென்மார்க் இரட்டையர் ஆய்வின்படி ஆயுள் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு சுமார் கால் பங்குதான். உங்கள் பெற்றோர் எதனால் இறந்தார்கள் என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாரடைப்பு என்றால் கொழுப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் இப்போதே பரிசோதிக்க வேண்டும்.

எனக்கு 71. குறைவாகச் சாப்பிட்டால் நீண்ட ஆயுள் என்று படித்து, தினம் ஒரே ஒரு வேளை உணவோடு நிறுத்திக்கொண்டேன். 58 கிலோ இருந்தவள் 51-க்கு வந்துவிட்டேன். சரியான வழிதானே?

அம்மா, தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். உணவைக் குறைத்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததை அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் கிளைவ் மெக்கே 1935-இலேயே காட்டினார், உண்மை. மனிதர்களின் உணவைக் குறைத்து இரண்டு வருடம் நடந்த 'கலேரி' ஆய்விலும் கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவை சீரடைந்தன. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஐம்பதைத் தாண்டாதவர்கள். எழுபதுக்கு மேல் ஏழு கிலோ இறங்கினால் அதில் கணிசமான பங்கு தசை. எலும்பும் மெலியும். அடுத்து ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு தாங்குமா என்பதுதான் என் கவலை. மூன்று வேளையும் சாப்பிடுங்கள். அப்படியும் எடை ஏறவில்லை என்றால் தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும். வேறு நோய் ஒளிந்திருக்கலாம்.

அம்மாவுக்கு 76. காது மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தும் பெட்டியிலேயே கிடக்கிறது.

காது கேளாமை மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்று. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணங்களில் அதுவும் இருக்கிறது. கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குவார். வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே தனியாகிவிடுவார்.

பெரும்பாலோர் கருவியைக் கழற்றி வைக்கக் காரணம், தட்டு உருளும் சத்தம்கூட இடியாகக் கேட்பதுதான். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், அமைதியான அறையில் போட்டுக்கொள்ளட்டும். அந்த ஒரு மணி நேரமும் டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நீங்கள் அவரோடு பேசுங்கள்.