போட்டிக்காக வேறு கல்லூரிக்குச் செல்வது வகுப்பை வீணடிப்பதாகுமா?

முதலாமாண்டு இளங்கலை படிப்பதாகவும், சென்னைக் கல்லூரி ஒன்றில் நடக்கவிருக்கும் பேச்சுப்போட்டிக்குத் தமிழ்த்துறை உங்கள் பெயரைப் பரிந்துரைத்திருப்பதாகவும், மற்றப் பாட ஆசிரியர்கள் "இரண்டு நாள் வகுப்பு வீண்" என்று சொல்வதாகவும், நகரத்து மாணவர்களுக்கு நடுவே நின்று பேசக் கூச்சமாக இருப்பதாகவும் எழுதிவிட்டு, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். போனால், உங்கள் பேச்சு முடிந்த கையோடு கிளம்பிவிடாமல், கடைசிப் பேச்சாளர் மேடையை விட்டு இறங்கும் வரை அரங்கிலேயே உட்கார்ந்திருங்கள். இந்த இரண்டாவதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதத் தொடங்கினேன்.

நீங்களும் சிற்றூரிலிருந்து வந்து தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவராகத்தான் இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். இரண்டாமாண்டு படித்தபோது, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நடந்த கல்லூரிகளுக்கிடையேயான பேச்சுப்போட்டிக்கு எங்கள் துறைப் பேராசிரியை என்னையும் வேறு இரண்டு மாணவிகளையும் அழைத்துச் சென்றார். வீட்டில் அனுமதி வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. "பொம்பளப் பிள்ளையை ராத்திரி ரயிலில் அனுப்புவதா" என்று அப்பத்தா பிடிவாதமாக இருந்ததால், பேராசிரியை அம்மாவே வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசி ஒப்புதல் வாங்கினார். இராமேசுவரத்திலிருந்து சென்னைக்கு வரும் இரவு ரயிலில் ஏறி, விடியும் நேரத்தில் தாம்பரத்தில் இறங்கி, நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்தோம்.

1837-இல் சென்னை நகருக்குள் ஒரு பள்ளியாகத் தொடங்கி, பின்னர் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. நகரத்தில் இருந்த காலத்தில்தான் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே படித்தார் என்று பேராசிரியை வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். 300 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த வளாகத்தின் பெரும்பகுதி இன்றும் புதர்க்காடுதான். கருவேலமும் வெயிலும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, ஒரு கல்லூரிக்குள் இவ்வளவு நிழல் இருக்கும் என்பதே புதிதாக இருந்தது. சாலையோரத்தில் நின்றிருந்த புள்ளிமான் ஒன்று எங்களைப் பார்த்தும் ஓடாமல் காதை மட்டும் அசைத்தது. அந்த மரங்களுக்கு நடுவே நடக்க நடக்க, "இங்கே வந்து நாம் என்ன பேசிவிடப் போகிறோம்" என்ற பயம் எனக்குக் கூடிக்கொண்டே போனது. உங்கள் கூச்சமும் இத்தகையதாகத்தான் இருக்கும்.

அந்தப் பயத்தைக் குறைத்தது பதிவு மேசையில் இருந்த ஒரு மாணவி. கைத்தறிச் சேலை கட்டி, தன்னார்வலர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த அவர், நான் இன்ன கல்லூரி மாணவி என்பதற்கான போனஃபைடு சான்றிதழை வாங்கிச் சரிபார்த்துவிட்டு, எண் எழுதிய சீட்டை என் துப்பட்டாவில் தானே ஊக்கு வைத்துக் குத்தினார். குத்தும்போது, "ராத்திரி முழுக்க ரயிலா? முதலில் போய்ச் சாப்பிடுங்கள், போட்டி தொடங்க நேரம் இருக்கிறது" என்றார். நகரத்து மாணவர்கள் நம்மை ஏளனமாகப் பார்ப்பார்கள் என்று ஊரிலேயே முடிவு கட்டிக்கொண்டு போவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. எல்லாக் கல்லூரிகளிலும் இப்படித்தான் வரவேற்பார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. பிற்காலத்தில் வேறு இடங்களில் முகம் கொடுத்துப் பேசாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முன்கூட்டியே அஞ்சுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தலைப்பு "நதி". ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி. எனக்கு முன்னால் பேசியவர்களில் பலர் காவிரியையும் தாமிரபரணியையும் எடுத்துக்கொண்டு, இலக்கிய மேற்கோள்களை அடுக்கி, கைதட்டல் வாங்கினார்கள். நான் வைகையைப் பற்றிப் பேசினேன். அந்த ஆறு எங்கள் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடைவதையும், கண்மாய் நிறைந்து மிஞ்சினால்தான் கடலுக்குத் தண்ணீர் போகும் என்பதையும், மிஞ்சாத ஆண்டுகளே எங்களுக்கு வழக்கம் என்பதையும், ஊருணியில் தண்ணீர் வற்றினால் குடங்களுடன் எங்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். மேற்கோள் எதுவும் என்னிடம் இல்லை. எச்சரிக்கை மணி அடித்தபோது அரங்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பேசி முடித்ததும், என்னுடன் வந்திருந்த இருவரும் தியாகராய நகருக்குப் போய் வரலாம் என்றார்கள். திரும்பும் ரயில் இரவில்தான் என்பதால் நேரமும் இருந்தது. பேராசிரியை மறுத்துவிட்டார்: "மற்றவர்கள் உங்களைக் கேட்டார்கள் அல்லவா, அவர்களை நீங்கள் கேட்க வேண்டாமா?" அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால், பிற்பகலில் பேசிய தேனி மாவட்டத்து மாணவியின் பேச்சை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அவரும் வைகையைப் பற்றித்தான் பேசினார். ஆனால் நான் நிறுத்திய இடத்துக்கு நேர் எதிரான முனையிலிருந்து தொடங்கினார். வருசநாட்டு மலையில் ஆறு பிறப்பதையும், மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த அணை தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிடுவதையும், அது பின்னர் வைகையோடு சேர்வதையும், ஆண்டிபட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கப்படுவதையும் வரைபடம் வரைவதுபோல் விளக்கினார். பிறந்ததிலிருந்து கண்மாயின் கரையில் நின்று "தண்ணீர் வருமா" என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது எங்கிருந்து, யார் யாருடைய வயல்களைத் தாண்டி, எத்தனை மதகுகளில் பிரிந்து எங்களிடம் வருகிறது என்பது அன்றுதான் முழுமையாகப் புரிந்தது. முடிவு அறிவிப்பதற்கு முன் அவரே என்னைத் தேடி வந்து, "அக்கா, இந்த வருசம் உங்க கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அவர் வருத்தப்பட்டது சடங்குக்காக அல்ல என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு முதல் பரிசும் எனக்கு மூன்றாம் பரிசும் கிடைத்தன. அந்த வரிசை மிகச் சரியானது என்பதே அன்றும் இன்றும் என் கருத்து.

உங்கள் ஆசிரியர்கள் "வீண்" என்று சொல்லும் இரண்டு நாட்களில் நடக்கக்கூடியது இதுதான். ஒரே ஆற்றின் இரண்டு முனைகளில் வாழும் இருவரை அந்தப் போட்டி ஓர் அரங்கில் உட்கார வைத்தது. எந்த வகுப்பறையும் எனக்கு அதைச் செய்து தந்ததில்லை. வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். விட்டுப்போன பாடங்களை நான் தோழியின் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொண்டேன், நீங்களும் எழுதிக்கொள்ளலாம். அந்த அரங்கில் கேட்டதை எந்தக் குறிப்பேட்டிலிருந்தும் எழுதிக்கொள்ள முடியாது.

இனி, எனக்கு இன்னும் ஆறாத ஒரு விஷயம். துறைத்தலைவர் கையொப்பமிட்ட ஓ.டி. கடிதத்தை, அதாவது கல்லூரிப் பணியாக வெளியே செல்வதால் அந்நாட்களை வருகையாகவே கொள்ளும்படி கேட்கும் கடிதத்தை, புறப்படுவதற்கு முன்பே கொடுத்திருந்தோம். அப்படியிருந்தும் வருகைப் பதிவேட்டில் எங்கள் மூவருக்கும் விடுப்பு என்றே குறிக்கப்பட்டது. பருவ முடிவில் எனக்கு 75 விழுக்காடு வருகை இல்லை என்று சொல்லி, தேர்வெழுதுவதற்கு அபராதக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கடிதம் கொடுத்ததற்குச் சான்று எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அந்தத் தொகையை அம்மா பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு கல்லூரியின் தரமதிப்பீட்டுக்காக நாக் (NAAC) எனப்படும் தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பின் குழு வந்தபோது, நான் வாங்கி வந்த கேடயம் முதல்வர் அறையின் முன்வரிசையில் இருந்தது. என் பெயர் மாணவர் சாதனைப் பட்டியலில் அச்சாகியிருந்தது. கல்லூரிக்குப் பெருமை சேர்க்கச் சென்ற நாளை, கல்லூரியே வராத நாள் என்று எழுதி வைப்பது எந்த வகையில் நியாயம்? எல்லாக் கல்லூரிகளும் இப்படி நடந்துகொள்கின்றன என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. மாணவர்களைத் தம் கைக்காசில் அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். என் பேராசிரியையே அதற்குச் சான்று.

ஆகவே ஓ.டி. கடிதத்தை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையோடு முதல்வர் கையொப்பமிட்ட போனஃபைடு சான்றிதழும் கையில் இருக்கட்டும். திரும்பியதும் பங்கேற்புச் சான்றிதழின் நகலை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதப்படுகிறது என்பதை நேரில் பார்த்துவிடுங்கள். "வீண்" என்று சொன்ன ஆசிரியர்களிடம் விவாதம் செய்ய வேண்டாம். போகும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புறப்படுங்கள், போதும்.