ஆடி மாதத்திலும் இ.எம்.ஐ. வரும்

கேள்வி: திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில்தான் வேலை. பழைய லேப்டாப்பில் 4கே வீடியோ திணறுகிறது. பிராண்டட் கம்ப்யூட்டர் ஒன்று ரூ.1,35,000, 12 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டு. அதே திறனில் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்ய ரூ.1,18,000க்கு கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. சேமிப்பு ரூ.1 லட்சம். மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா, இல்லை இ.எம்.ஐ. போட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலில் இ.எம்.ஐ. கணக்கு. மாதம் ரூ.11,250. நோ காஸ்ட் என்பது பெயர்தான். வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி.யை உங்களிடம் வாங்குவார்கள். கிரெடிட் கார்டின் வட்டி 16% என்று வைத்துக்கொண்டால் அதுவே ரூ.2,000க்குப் பக்கம் வரும். பிராசஸிங் கட்டணம் தனி. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, இ.எம்.ஐ.க்கு அந்தப் பஞ்சாங்கம் தெரியாது. ஒரு தவணை தவறினால் அபராதம், அதன்மேல் கார்டு வட்டி என்று ஏறிக்கொண்டே போகும்.

அசெம்பிள் செய்தால் ரூ.17,000 மிச்சம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கொட்டேஷனில் விண்டோஸ் இல்லை, பார்த்தீர்களா? பிராண்டடில் அது சேர்ந்தே வரும். ஒரிஜினல் லைசென்ஸுக்கு ரூ.10,000 ஒதுக்குங்கள். கடையில் "சும்மாவே போட்டுத் தர்றோம் சார்" என்பார்கள். வாடிக்கையாளரின் கல்யாண வீடியோ இருக்கும் மெஷினில் கிராக் செய்த சாஃப்ட்வேர் வேண்டாம். ஆக, நிஜமான மிச்சம் ரூ.7,000தான்.

அப்படியும் அசெம்பிள் செய்யத்தான் சொல்வேன், வேறு காரணத்துக்காக. மாடி கட்டப் பணம் இல்லாதவர், அஸ்திவாரத்தை மாடிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுத் தரைத்தளத்தில் குடியேறுவார் இல்லையா? கம்ப்யூட்டரையும் அப்படி வாங்கலாம். கடன் இல்லாத தவணை அது.

உங்கள் பட்டியலில் கிராஃபிக்ஸ் கார்டு ரூ.36,000. அதை இப்போதைக்கு அடித்துவிடுங்கள். ஒரு நிபந்தனை: கொட்டேஷனில் உள்ள இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடியக் கூடாது. எஃப் என்றால் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் கிடையாது; படமே வராது. எஃப் இல்லாததில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி, கேமராவின் ஹெச்.265 (சுருக்கிப் பதிவான வீடியோ) ஃபைல்களை நன்றாகவே இழுக்கும். எஃபெக்ட் அதிகம் போட்டால் ரெண்டர், அதாவது முடித்த வீடியோவை வெளியே எடுப்பது, மெதுவாகும், அவ்வளவுதான்.

ஆனால் ரேமில் கை வைக்காதீர்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை எகிறியது. இறங்கும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்லை.

இப்போது கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டு போனால் ரூ.82,000. விளக்கு எரியும் கண்ணாடி கேபினட்டுக்குப் பதில் சாதாரணமானது: 5,000 மிச்சம். லிக்விட் கூலருக்குப் பதில் ஏர் கூலர்: 7,000 மிச்சம். அதில் 3,500ஐ எடுத்து, 550 வாட் பவர் சப்ளையை நல்ல கம்பெனியின் 750 வாட் ஆக்குங்கள். அதுதான் அஸ்திவாரம், நாளை வரும் கார்டைத் தாங்க வேண்டும். என் அலுவலகத்தில் கேபினட்டோடு சும்மா வந்த பவர் சப்ளை ஒருநாள் 'டப்' என்றது. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. யு.பி.எஸ். 4,500, விண்டோஸ் 10,000 சேர்த்தால் மொத்தம் ரூ.88,000.

கையில் மிஞ்சும் ரூ.12,000 ஒரு குடும்பத்துக்குப் போதாது. ஆவணி, ஐப்பசி முகூர்த்தப் பணத்தில் முதலில் அதை 30,000 ஆக்குங்கள். கார்டு அதற்கப்புறம், தை மாதத்துக்கு மேல். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கிரிப்டோ மைனிங் கார்டை வாங்கிவிடாதீர்கள். இரவு பகலாக ஓடித் தேய்ந்தது அது.

வரி விஷயம் சுருக்கமாக. கணக்குப் புத்தகம் வைத்து வரி கட்டினால் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40% தேய்மானம் (பொருள் பழசாவதற்கான செலவு) காட்டலாம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். ஒரே நாளில் ஒரே கடைக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடையாது. யு.பி.ஐ.யில் கொடுங்கள். உத்தேச வருமான முறையில், அதாவது வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டிக் கட்டுபவர் என்றால் தேய்மானம் தனியாகக் கிடைக்காது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜி.எஸ்.டி. பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராண்டடில் ஒரே வாரண்டி, ஒரே போன் கால். அசெம்பிள் செய்ததில் பாகத்துக்குப் பாகம் கம்பெனி வேறு, வருடம் வேறு. "கம்ப்யூட்டர் பார்ட்ஸ் - 1 செட்" என்று எழுதிய பில் எந்த சர்வீஸ் சென்டரிலும் எடுபடாது.

வீட்டிலேயே பொருத்துவது பெரிய வித்தை இல்லை. ரேம் 'டக்' என்று உட்கார்ந்தால் சரி. பிராசஸரை மட்டும் நிதானமாக வையுங்கள். மதர்போர்டு சாக்கெட்டில் உள்ள பின்கள் தலைமுடி மாதிரி. வளைந்தால் வாரண்டியில் எடுக்க மாட்டார்கள். கை நடுங்குகிறதா, அந்த ஒரு வேலைக்குக் கடைக்காரரிடம் காசு கொடுத்துவிடுங்கள்.