துணைத்தூதரக முத்திரை எதற்குச் சான்று?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக மனைவியுடன் வெளிநாட்டில் வசிக்கிறேன். அப்பா காலமானபின் எங்களுக்கு வந்த வீட்டை விற்பதற்காகத் தம்பி பெயரில் பவர் பத்திரம் எழுதி, நண்பர்கள் இருவரைச் சாட்சியாக வைத்து இங்கேயே கையெழுத்திட்டு அனுப்பினேன். சொந்த நாட்டுப் பதிவு அலுவலகம் அதை ஏற்க மறுத்துவிட்டது. என் கடவுச்சீட்டு இன்னும் ஐந்து மாதங்களில் காலாவதியாகிறது. நான்கு மாதங்களுக்கு முன் பிறந்த மகளுக்கு மருத்துவமனை கொடுத்த சான்று மட்டுமே இருக்கிறது. துணைத்தூதரகம் வெகுதொலைவில் உள்ளது. ஒரே நாள் விடுப்பில் போய் மூன்றையும் முடித்துவிட முடியுமா?

பதில்: முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு போனால் மூன்று விண்ணப்பங்களையும் ஒரே நாளில் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. எந்த நாட்டின் குடிமகன் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே எல்லா நாட்டவர்க்கும் பொருந்தும் அடிப்படைகளைக் கூறி, நாட்டுக்கு நாடு மாறும் இடங்களைச் சுட்டிக்காட்டுகிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பத்திரத்தைத் திரும்ப எழுதலாம், கடவுச்சீட்டைத் தாமதமாகவேனும் புதுப்பிக்கலாம், ஆனால் பிறப்புப் பதிவின் கெடு தவறினால் அதன் விளைவைச் சுமக்கப்போவது உங்கள் மகள்.

மருத்துவமனை கொடுத்த சான்று குழந்தை அங்கே பிறந்தது என்பதற்கான ஆதாரம் மட்டுமே. அதுவே பிறப்புச் சான்றிதழ் ஆகிவிடாது. முதலில் நீங்கள் வாழும் நாட்டின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிந்து, அங்கே பெறும் சான்றிதழைக் கொண்டு துணைத்தூதரகத்தில் பதிய வேண்டும். பிறந்த மண்ணின் குடியுரிமை குழந்தைக்குத் தானாகக் கிடைத்துவிடும் என்று பல பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் அப்படிக் கிடைப்பதில்லை. பெற்றோரின் நாட்டிலும் பதியாமல் விட்டால், எந்த நாட்டுக் குடிமகள் என்று காட்ட ஒரு தாளும் இல்லாத நிலைக்குக் குழந்தை தள்ளப்படும். கெடுவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி ஓராண்டுக்குள் துணைத்தூதரகத்தில் பதிய வேண்டும். கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். அமெரிக்கக் குடிமக்கள் குழந்தைக்கு 18 வயது ஆவதற்குள் விண்ணப்பிக்கலாம். ஜப்பானியச் சட்டமோ மிகக் கடுமையானது: வெளிநாட்டில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமையையும் பெறும் குழந்தைக்காக, ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்வதாக 3 மாதங்களுக்குள் அறிவிக்காவிட்டால், பிறந்த நாளிலிருந்தே அது இழக்கப்பட்டதாகிவிடும். உங்கள் நாட்டின் கெடு எதுவாயினும் நான்கு மாதங்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி பவர் பத்திரம். துணைத்தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, கடவுச்சீட்டு வழங்குவதையும், நோட்டரியாகவும் பிறப்பு, திருமணம் போன்றவற்றின் பதிவாளராகவும் செயல்படுவதையும் துணைத்தூதரகத்தின் பணிகளில் சேர்த்திருக்கிறது. நோட்டரிப் பணியும் பதிவுப் பணியும் துணைத்தூதரகம் இருக்கும் நாட்டின் சட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனை. அதாவது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அந்த அதிகாரி, உங்கள் பத்திரத்தைப் பொறுத்தவரை ஒரு நோட்டரி. இன்னார் இந்த நாளில் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவர் சான்று தருகிறார். வீடு உங்களுடையதா, வாசகம் சரியா, தம்பி இதைக் கொண்டு விற்க முடியுமா என்பவற்றை அவர் ஆராய்வதில்லை. அவற்றை வீடு இருக்கும் இடத்தின் சட்டமே தீர்மானிக்கிறது. உங்கள் பத்திரம் திரும்பி வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கையெழுத்தை நிரூபிக்க அதில் எந்த அதிகாரியின் சான்றும் இல்லாததுதான்.

ஆகவே துணைத்தூதரகத்தில் நேரம் கேட்பதற்கு முன்பே, பத்திரத்தைக் கடைசியில் பெறப்போகும் பதிவு அலுவலகத்தில் தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். துணைத்தூதரகச் சான்றொப்பம் போதுமா, அல்லது நீங்கள் வாழும் நாட்டின் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் பெற்றாலும் ஏற்பார்களா என்று கேட்க வேண்டும். அப்போஸ்டில் என்பது, ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று காட்ட, 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கிடையே செல்லும் சான்று. இரு நாடுகளில் ஒன்று அதில் சேராதிருந்தால், நோட்டரியிடமிருந்து அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம், அதன்பின் உங்கள் துணைத்தூதரகம் என்று படிப்படியாகச் சான்று வாங்கவேண்டி வரும். துணைத்தூதரகமே உருவாக்கும் ஆவணங்களுக்கு ஹேக் ஒப்பந்தம் பொருந்தாது என்பதால், அதன் முத்திரை விழுந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்போஸ்டிலுக்கு அலைய வேண்டாம்.

என்னிடம் சட்ட ஆலோசனை பெற்ற கட்சிக்காரர் ஒருவர் முந்தின இரவே எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்டுவிட்டு, நேரம் மிச்சமாகும் என்று எண்ணி நீண்ட பயணம் செய்து போனார். தன் கண்முன் இடப்படாத கையெழுத்துக்குச் சான்று தர முடியாது என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அதிகாரி செய்தது சரியே. அன்று அந்தக் கட்சிக்காரர் பட்ட வேதனையை நீங்கள் படவேண்டாம்: அச்சிட்ட பத்திரத்தைக் கையெழுத்திடாமல் இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோங்கள். பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளவாறே பத்திரத்திலும் இருக்கட்டும். சாட்சிகள் நேரில் வர வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் பங்கை விற்கத்தான் நீங்கள் அதிகாரம் தர முடியும். தாயோ உடன்பிறந்த மற்றவர்களோ வாரிசுகளாக இருந்தால் அவர்களும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். எல்லாச் சொத்துகளுக்கும் எல்லா அதிகாரங்களையும் அள்ளிக் கொடுக்கும் பொதுப் பத்திரம் உங்களுக்குத் தேவையில்லை. இந்த ஒரு வீடு, அதன் முழு விவரம், விற்கும் அதிகாரம், தொகையைப் பெற்று எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பது, ஒரு முடிவுத் தேதி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். தம்பியின் மேல் உள்ள நம்பிக்கைக் குறைவால் இதைச் சொல்லவில்லை. அளவு தெளிவாக இருந்தால் நாளை அவரை எவரும் சந்தேகிக்க இடமிராது. பழைய பத்திரம் ரத்து என்றும் இதில் எழுதி, அதன் அசலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பத்திரம் போய்ச் சேர்ந்தபின் முத்திரைத் தீர்வைக்கும் கெடு இருக்கலாம்; இந்தியாவில் அது 3 மாதங்கள்.

கடவுச்சீட்டு இவற்றில் எளியது. பல நாடுகள் நுழைவின்போது ஆறு மாதச் செல்லுபடியைக் கேட்பதால், நடைமுறையில் உங்களுடையது இப்போதே பயணத்துக்கு உதவாத நிலையில் இருக்கிறது, உடனே விண்ணப்பியுங்கள். வசிப்பு அனுமதி ஒட்டப்பட்ட பழைய புத்தகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, புதிய எண்ணைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நேரம் பதிய வேண்டியிருக்கலாம். உங்கள் ஊருக்கு அருகில் கௌரவத் துணைத்தூதர் இருந்தால், அவருக்கு எந்தெந்த அதிகாரங்கள் உண்டு என்று கேட்டபின் போங்கள். பல நாடுகள் கடவுச்சீட்டு வழங்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளிப்பதில்லை. முதல் வேலையாக, இந்த வாரமே மகளின் பிறப்பை உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிந்து, சான்றிதழ் கைக்கு வரும் தேதியை ஒட்டித் துணைத்தூதரகத்தில் நேரம் கேளுங்கள்.