ஆல்பம் விற்கிறேன், கையில் காசு நிற்கவில்லையே?

கேள்வி: வணக்கம் சார். திருமணப் புகைப்படம் எடுக்கும் தொழிலுக்கு முழுநேரமாக வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு திருமணத்துக்கு 900 வாங்குகிறேன். ஆல்பம் கேட்பவர்களுக்கு, அச்சடித்துத் தரும் லேப்பில் 100 கொடுத்து 20 ஷீட் ஆல்பம் அடித்து, 160-க்குக் கொடுக்கிறேன். ஒரு ஆல்பத்துக்கு 60 லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு ஆல்பத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நான் கணக்கு வைத்ததில்லை. இன்னொரு சிக்கல்: மூன்று ஜோடிகள் ஆல்பத்துக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டார்கள், ஆனால் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. அதில் ஒருவர் ஏழு மாதமாக ‘இந்த வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்’ என்கிறார். அவர்கள் கொடுத்த பணத்தில் ஒரு லென்ஸ் வாங்கிவிட்டேன். விலையை ஏற்றினால் ஆள் வரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆல்பத்துக்கு என்ன விலை வைப்பது, எப்படி விற்பது?

(வாசகர் எழுதிய தொகைகளை லேப் பில் 100 என்று வைத்து மாற்றியிருக்கிறேன். எந்த ஊர்ப் பணத்துக்கும் இதே கணக்குதான்.)

பதில்: முதலில் அந்த லென்ஸ் விஷயத்தைப் பேசிவிடுவோம். கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

ஆல்பத்துக்காக வாங்கிய பணம், ஆல்பம் அவர்கள் கைக்குப் போகும்வரை உங்கள் வருமானம் அல்ல, கடன். வங்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்ததும் சொந்தப் பணம் போலத் தெரியும், அவ்வளவுதான். மூன்று ஆல்பத்துக்கும் லேப் பில், பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் இனிமேல்தான் உங்கள் பையிலிருந்து போகப்போகிறது. ஒன்றுக்கு ஏறக்குறைய 117 வரும் (எப்படி என்று கீழே காட்டுகிறேன்). ஆக இன்றைக்கு உங்கள் தலையில் 351 கடன் இருக்கிறது. வட்டி இல்லாத கடன்தானே என்று விட்டுவிட முடியாது. லேப்காரர்கள் விலை ஏற்றினால் அந்தக் கடனும் ஏறும். மூன்று பேரும் ஒரே வாரத்தில் ‘தேர்ந்தெடுத்துவிட்டோம், அடித்துக் கொடுங்கள்’ என்றால் என்ன செய்வீர்கள்? அடுத்த திருமணத்தின் அட்வான்ஸை எடுத்து இந்த ஆல்பங்களை அடிப்பீர்கள். இந்தத் தொழிலில் நல்ல கைவண்ணம் உள்ளவர்கள்கூட மாட்டிக்கொள்ளும் சுழல் இதுதான்.

இன்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறங்கள். இனி ஆல்பத்துக்குப் பணம் வந்த அன்றே அதிலிருந்து 125 அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். லேப் பில் கட்ட மட்டும் அதைத் தொடுங்கள். பழைய 351-ஐயும் அடுத்து வரும் மூன்று திருமணங்களில் ஒன்றுக்கு 117 என்று பிரித்து அதே கணக்கில் போட்டுவிடுங்கள். லென்ஸை விற்கச் சொல்லவில்லை, அது சம்பாதித்துத் தரட்டும்.

சரி, விலைக்கு வருவோம். 100-க்கு வாங்கி 160-க்கு விற்றால் 60 லாபம் என்கிறீர்கள். லேப் பில்லுக்கு மேல் என்னவெல்லாம் போகிறது என்று பாருங்கள். பெட்டி, பேக்கிங், அனுப்புவது எல்லாம் சேர்த்து 8. பணம் வாங்கும் வழியில் பிடிக்கும் கட்டணம் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் 4. அப்புறம் எல்லோரும் மறக்கும் ஒன்று, திரும்ப அடிக்கும் செலவு. இருபது ஆல்பத்தில் ஒன்றையாவது உங்கள் தவறால் மறுபடி அடிக்க நேரும் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் 5 ஒதுக்குங்கள். என் சொந்தத் திருமண ஆல்பம் வந்தபோது அட்டையில் என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. ஒரே ஓர் எழுத்து! பொன்நிறத்தில் பதித்த எழுத்து என்பதால் அழித்து எழுத வழியில்லை, அட்டை மொத்தமும் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் புகைப்படக்காரரின் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அட்டையில் வரும் பெயரையும் தேதியையும் வாடிக்கையாளரையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள்.

ஆக நேரடிச் செலவே 117. மிச்சம் 43. இதில் உங்கள் உழைப்பு இன்னும் வரவில்லை.

நீங்கள் நேரக் கணக்கு வைக்காததால் நான் ஊகிக்கிறேன். படங்களைப் பிரித்துத் தேர்ந்தெடுக்க 2 மணி நேரம், டிசைனுக்கு 5, ‘இந்தப் படத்தை மாற்றுங்கள், அத்தை இருக்கும் படத்தைப் பெரிதாக்குங்கள்’ வகைத் திருத்தங்களுக்கு இரண்டரை, ஃபைலைச் சரிபார்த்து லேப்புக்கு ஏற்ற அரை மணி, வந்த ஆல்பத்தை ஷீட் ஷீட்டாகப் புரட்டிப் பார்த்து பேக் செய்ய 1. மொத்தம் 11 மணி நேரம். 43-ஐ 11-ஆல் வகுத்தால் மணிக்கு 4 கூட இல்லை.

இதையே படம் எடுக்கும் வேலையோடு ஒப்பிடுங்கள். 900 வாங்கும் திருமணத்துக்கு அன்றைய வேலை, பேச்சுவார்த்தை, எடிட்டிங் எல்லாம் சேர்த்து 40 மணி நேரம் என்று வைப்போம். கேமரா தேய்மானம், உதவியாளர் சம்பளம், மென்பொருள் சந்தா, போக்குவரத்து எல்லாம் போக 480 நின்றால் மணிக்கு 12. அதே 12-ஐ ஆல்பத்தின் 11 மணி நேரத்துக்குப் போட்டால் 132. நேரடிச் செலவு 117-ஐச் சேர்த்தால் 249. அதை நீங்கள் 160-க்குக் கொடுக்கிறீர்கள். ஆல்பத்துக்கு 89 நஷ்டம். பத்து ஆல்பம் விற்றால் ஒரு திருமணத்தை இலவசமாக எடுத்துக் கொடுத்ததற்குச் சமம். மாதக் கடைசியில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று கேட்டீர்களே, பதில் இங்கே இருக்கிறது.

இதைச் சரிசெய்ய விலையை மட்டும் ஏற்றினால் போதாது, நேரத்தையும் குறைக்க வேண்டும். படம் தேர்ந்தெடுக்கும் வேலையை வாடிக்கையாளரிடம் விடாதீர்கள். 800 படங்களைக் கொடுத்து 80 எடுங்கள் என்றால் யாருக்குத்தான் கை வரும்? ஷீட்டுக்கு நான்கு வீதம் 80 படங்களை நீங்களே எடுத்து, டிசைனும் செய்து, திருமணம் முடிந்து மூன்று வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். வெறும் படக் குவியலைப் பார்த்துத் திகைப்பவர்கள், முடிந்த டிசைனைப் பார்த்ததும் ‘இது வேண்டாம், அது வேண்டும்’ என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். திருத்தம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும், அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்று எழுதி வையுங்கள். இப்படிச் செய்து பழகினால் 11 மணி நேரம் 6-க்கு இறங்கும் என்று வைப்போம்.

இப்போது விலையை 300 என்று வைத்துப் பாருங்கள். லேப் 100, அனுப்புவது 8, திரும்ப அடிக்க 5, கட்டணம் 7.50, உழைப்பு 72. மொத்தம் 192.50. மிச்சம் 107.50. இதை வரிக்கும், வேலையில்லாத மாதங்களுக்கும், தொழில் வளர்ச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். லேப் பில்லைப் போல மூன்று மடங்கு என்று இந்தத் தொழிலில் சொல்வது சும்மா இல்லை.

ஆனால் அந்த மூன்று மடங்கு சின்ன ஆல்பத்தில் காலை வாரிவிடும். லேப்பில் 40 ஆகும் சின்ன ஆல்பத்தை மட்டும் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு 120. ஆனால் டிசைன் வேலை அதே 6 மணி நேரம்தானே? நேரடிச் செலவு 53, உழைப்பு 72, ஆக 125. விற்கும்போதே கையைக் கடிக்கிறது. அதனால் டிசைன் கட்டணத்தைத் தனியாகவும் அச்சுச் செலவைத் தனியாகவும் கணக்கிட்டு விலை வையுங்கள். வாடிக்கையாளரிடம் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை, உங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கு லாபம் தரும் பொருள் எது என்று தெரியும்: இரண்டாவது பிரதி. பெற்றோர்களுக்கான மினி புக். பெரிய ஆல்பத்தின் டிசைன் ஏற்கெனவே முடிந்திருக்கிறது, கூடுதலாக ஒரு மணி நேர வேலைதான். லேப் 40, அதே பார்சலில் போவதால் பேக்கிங் 2, திரும்ப அடிக்க 2, கட்டணம் 3, உழைப்பு 12. மொத்தம் 59. அதை 110-க்குக் கொடுத்தால் 51 நிற்கிறது. வாங்குபவருக்கும் தனி ஆல்பத்தைவிடச் சல்லிசு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரியதும் சின்னதும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்க வேண்டும். 12 அங்குலச் சதுரத்துக்கு 8 அங்குலச் சதுரம், 12-க்கு 18 என்றால் 8-க்கு 12. விகிதம் மாறினால் டிசைனை முதலிலிருந்து செய்ய வேண்டும், லாபம் போச்சு. டிசைனையும் பெரிய அளவிலேயே தொடங்குங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் 8 அங்குலத்துக்குச் செய்ததை 12-க்கு இழுத்தால் 200-க்கு இறங்கிவிடும். பெரிதிலிருந்து சின்னது ஆக்கினால் ஒரு தொல்லையும் இல்லை.

160-லிருந்து 300-க்கு ஏறினால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். சிலர் ஆல்பம் வாங்க மாட்டார்கள், உண்மைதான். 89 நஷ்டத்தில் விற்பதைவிட விற்காமல் இருப்பது மேல். உங்களிடம் 900 கொடுத்துப் படம் எடுக்க வருபவர் ஆல்பம் விலைக்காக வந்தவர் இல்லை.

பேரம் பேசினால் சதவீதத்தில் தள்ளுபடி மட்டும் கொடுக்காதீர்கள். 300-ல் 20 சதவீதம் குறைத்தால் 240. செலவு ஏறக்குறைய அப்படியே 191-ல் நிற்பதால் மிச்சம் 107.50-லிருந்து 49-க்கு விழுகிறது. விலையில் ஐந்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்ததாக நினைப்பீர்கள், லாபத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். விலை குறைய வேண்டும் என்றால் ஷீட் எண்ணிக்கை குறையட்டும், அல்லது அட்டை சாதாரணமாகட்டும்.

எப்படி விற்பது என்றால், திருமணத்துக்கு முன்பே. முடிந்த பிறகு விற்கலாம் என்று விட்டால் இரண்டு விஷயம் நடக்கும். அவர்கள் கையில் சாஃப்ட் காப்பி வந்துவிடும், ‘அப்புறம் அடித்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். கையிருப்பும் கரைந்திருக்கும். முதல் சந்திப்பிலேயே ஒரு மாதிரி ஆல்பத்தை மேசையில் வையுங்கள். அட்டவணை, சிற்றேடு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு நல்ல ஆல்பம், எந்த அளவை அதிகம் விற்க விரும்புகிறீர்களோ அந்த அளவில். அதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள் (இதுதான் கஷ்டம்). மாதிரி ஆல்பத்துக்கு விலை குறைத்துத் தரும் லேப்கள் பல உண்டு, கேட்டுப் பாருங்கள். அந்த மாதிரி ஆல்பத்தில் யாருடைய படங்கள் இருக்கின்றனவோ அந்த ஜோடியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

விலைப்பட்டியலில் படம் மட்டும் 900, ஆல்பத்தோடு 1200, ஆல்பமும் இரண்டு மினி புக்கும் 1420 என்று மூன்று வரி போதும். 20 ஷீட்டுக்குப் பணம் கட்டியவருக்கு 26 ஷீட் டிசைன் செய்து காட்டுவது நல்ல பழக்கம். கூடுதல் ஷீட்டை லேப்பில் 3 ஆகும் என்றால் 10-க்குக் கொடுக்கலாம், பலர் எடுப்பார்கள். ஆனால் 20 ஷீட் ஏற்கெனவே அவர்களுடையது, மீதி விருப்பம் என்று காட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். 50 ஷீட் செய்து காட்டி ‘எதை வெட்டுவது?’ என்று கேட்பவர்களும் உண்டு. அது மிரட்டல் மாதிரி, எனக்குப் பிடிக்காது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: டிசைன் காட்டிய 60 நாளுக்குள் திருத்தம் வராவிட்டால் அதே டிசைன் அச்சுக்குப் போகும், ஒரு வருடம் தாண்டினால் லேப் விலை உயர்வை வாடிக்கையாளர் ஏற்பார். இவை உங்கள் ஊர் நுகர்வோர் சட்டத்துக்கு ஒத்துவருமா, ஆல்பம் என்ற பொருளுக்கு விற்பனை வரி தனியாக உண்டா என்று ஒரு கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பழைய மூன்று பேரிடம் இந்த விதிகளைக் காட்டிக் கூடுதல் பணம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஏழு மாதக்காரருக்கு இந்த வாரமே 80 படங்களை நீங்களே எடுத்து டிசைன் செய்து, இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘வணக்கம். உங்கள் ஆல்பத்தின் டிசைனை நானே தயார் செய்துவிட்டேன், இத்துடன் இருக்கிறது. மாற்ற வேண்டிய படங்களின் ஷீட் எண்ணை மட்டும் குறித்து அனுப்பினால் போதும். எல்லாம் சரியென்றால் “சரி” என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன். அட்டையில் வரவேண்டிய பெயர்களை நீங்களே தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள்.’

பதில் வந்ததும் அந்த ஆல்பத்தை அடியுங்கள். இரண்டாமவருக்கு அடுத்த மாதம், மூன்றாமவருக்கு அதற்கடுத்த மாதம் இதே செய்தி போகட்டும். மூவருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள், தனிக் கணக்கில் இன்னும் 351 சேரவில்லை.