தொடர்ந்து தோற்கும் தேசியக் கால்பந்து அணி, தலைமைப் பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா?

தோல்விகளை மட்டும் எண்ணி முடிவெடுக்கக் கூடாது என்பேன். கிளப் பயிற்சியாளர் வீரர்களோடு தினமும் இருப்பார், தேவைப்பட்டால் புது வீரரை வாங்கச் சொல்வார். தேசியப் பயிற்சியாளருக்கு அந்த வசதி கிடையாது. வருடத்தில் சில வாரங்கள்தான் வீரர்கள் கைக்கு வருவார்கள். அதனால் அவர் வேலை பலன் தர நாளாகும். 2019இல் தென் அமெரிக்க நாடுகளின் தொடரான கோபா அமெரிக்காவில் அர்ஜென்டினா மூன்றாம் இடத்தோடு திரும்பியபோது பயிற்சியாளர் ஸ்கலோனிக்கு அனுபவம் போதாது என்று பலர் கொதித்தார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள், 2021இல் கோபா, 2022இல் உலகக் கோப்பை!

சரி, எப்போது மாற்றலாம்? வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் உறவு முறிந்துவிட்டால் தாமதிக்கவே கூடாது. மொராக்கோவில் பயிற்சியாளர் ஹலில்ஹோஜிச்சோடு மோதல் ஏற்பட்டு, நட்சத்திர வீரர் ஜியெச் தேசிய அணியே வேண்டாம் என்று விலகினார். 2022 ஆகஸ்டில், உலகக் கோப்பைக்கு மூன்று மாதங்களே இருக்க, புதுப் பயிற்சியாளராக ரெக்ராகி பொறுப்பேற்றார். ஜியெச் திரும்பினார். அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெருமை மொராக்கோவுக்குக் கிடைத்தது. எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

கடைசி நேர மாற்றம் பெரும் ஆபத்து. 2018 உலகக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியாளர் லோபெடெகியை நீக்கிய ஸ்பெயின், கடைசி 16 அணிகள் மோதும் சுற்றில் ரஷ்யாவிடம் பெனால்டியில் வீழ்ந்தது. 2024 ஆப்பிரிக்கக் கோப்பையின் நடுவில் பயிற்சியாளரை மாற்றிய ஐவரி கோஸ்ட் கோப்பையையே வென்றது, உண்மைதான். ஆனால் அது அபூர்வம், அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

உங்கள் அணியில் வீரர்கள் இன்னும் அவருக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிறார்களா? அப்படியென்றால் அடுத்த பெரிய தொடர் வரை அவரை விட்டுவைக்கச் சொல்வேன்.